பச்சை மாத்திரையும் உங்கள் டீயும்

இதை எழுதும்போது விரலில் எலுமிச்சை வாசம் அடிக்கிறது. லீமாவ் கஸ்தூரி என்போமே, கோலிக்குண்டு அளவில் இருக்கும் அந்தக் குட்டி எலுமிச்சை. காலையில் அதை நறுக்கித் தண்ணீரில் பிழிந்து, அதோடு இரும்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். இந்த வயதில் எனக்கு ரத்தம் குறைந்துவிட்டதாம். கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, எலுமிச்சைத் தண்ணீரோடு போடுங்கள் என்றார்கள். இதே வார்த்தையை நீங்கள் அந்தக் காலத்திலேயே என்னிடம் சொன்னீர்கள். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. அது எனக்கு இப்போதுதான் தெரியவந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உயிரோடு இருந்தபோதே நீங்கள் கடிதம் கேட்கிற ஆள் இல்லை. ஊரிலிருந்து வருவதை நான் படித்துக் காட்டினால், பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவீர்கள். இப்போது எழுந்து போக முடியாது. நன்றாக மாட்டிக்கொண்டீர்கள்.

காஜா பெராங் சாலையோரத்தில் உங்கள் ஒட்டுக்கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். அன்று அங்கே ஒரு தகரக் கூரையும் கரி அடுப்பும் சில பெஞ்சுகளும்தான். கடைக்குப் பின்னால் இருந்த பலகை வீடுகளில் ஒன்றில்தான் நாம் குடித்தனம் நடத்தினோம். தெங்கேரா பக்கம் போகிற லோரிக்காரர்கள் உங்கள் டீக்காகவே வண்டியை ஓரம் கட்டுவார்கள். துணிப்பையைத் தகரக் குவளைக்குள் விட்டு, மேலே தூக்கி, மறுபடியும் விட்டு, நீங்கள் சாயம் இறக்குவதைப் பார்த்தால் கோயிலில் அபிஷேகம் செய்கிற பூசாரிகூட இவ்வளவு கவனமாகச் செய்வாரா என்று தோன்றும். மங்குக் கோப்பையில் ஊற்றும்போது ஒரு சொட்டு கீழே சிந்தாது. அதில் உங்களுக்கு ரொம்பக் கர்வம்.

"டீன்னா மங்கக் கவுத்த பொறவும் கறை நிக்கணும்" என்பீர்கள். மற்றவர்கள் கடை டீயை, கழுவின தண்ணி என்று நீங்கள் சொன்னது அவர்கள் காதுக்கே போயிருக்கிறது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் நான் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன். பண்டார் ஹிலிர் திடலில் கூட்டம் என்றால் நீங்கள் டீ நிரப்பிய பெரிய தகரத் தோம்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். கடை முகப்பில் காகிதக் கொடி தொங்கவிட்டிருந்தீர்கள். மழையில் அதன் சாயம் வழிந்து பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் சட்டையெல்லாம் சிவப்பானது. பக்கத்து வீட்டுப் பெண்கள் என் வயிற்றைப் பார்த்து, மெர்டேக்கா பிள்ளை வரப்போகிறது, ராஜாவாட்டம் இருக்கும் என்றார்கள். நானோ குழாயடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் தூக்கினால் கண் இருட்டி, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

வயிற்றுப் பிள்ளைக்காரி நிறையச் சாப்பிடக்கூடாது, பிள்ளை பெருத்துவிட்டால் பெறுவது கஷ்டம் என்று அந்த வரிசை வீடுகளில் ஒரு சட்டம் இருந்தது. யார் போட்டது என்று தெரியாது. எல்லோரும் மதித்தோம். எனக்குச் சோறு இறங்கவும் இல்லை. கடையில் மிஞ்சுகிற ரொட்டியும் நீங்கள் தருகிற டீயும்தான் பாதி நாள் என் பசியாறல். மீனைக் கண்டால் குமட்டியது. கீரையைச் சமைத்து உங்களுக்குப் போட்டுவிட்டு நான் சும்மா இருப்பேன்.

கிளினிக்கில் இருந்த தமிழ் மிஸ்ஸியை, அந்த நர்ஸம்மாவை, உங்களுக்கு நினைவிருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சைக்கிள், எப்போதும் ஒரு அவசரம். அந்த அம்மாள் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, சோகை பிடித்திருக்கிறது என்று பச்சை நிற மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மற்ற பெண்களுக்கும் அதே மாத்திரைதான். ஆனால் வீட்டுக்கு முன்னால் ஓடுகிற லொங்காங்குச் சாக்கடையில் அந்தப் பச்சை மாத்திரைகள் மிதந்து போவதை நானே பார்த்திருக்கிறேன். அதைத் தின்றால் வெளிக்குக் கறுப்பாகப் போகிறது, பிள்ளையும் கறுப்பாகப் பிறக்கும் என்று பயம். நான் அப்படி வீசவில்லை. ஒரு நாளும் விட்டதில்லை. ஏனென்றால் நீங்கள் விடவில்லை.

காலையில் கடை திறந்ததும் முதல் சாயம் எனக்குத்தான். லோரிக்காரர் காத்துக்கொண்டு நின்றாலும் நிற்கட்டும். பால் ஊற்றாமல், சீனி மட்டும் போட்டு, கறுத்த டீயாகக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, மாத்திரையை நான் விழுங்குகிறேனா என்று பார்த்துக்கொண்டே நிற்பீர்கள். தண்ணீர் கேட்டால் தரமாட்டீர்கள்.

"பச்சத்தண்ணியில போட்டா நெஞ்சிலயே நிக்கும் புள்ள. இதுல போடு. சாயம் ஏறினா ரத்தம் ஏறும்."

சிவந்த டீ உள்ளே போனால் சிவந்த ரத்தமாக மாறும் என்று நீங்கள் மனதார நம்பினீர்கள். டீக்கடைக்காரருக்கு வேறு எப்படித் தோன்றும்? எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மாத்திரையின் துருப்பிடித்த ருசியை உங்கள் டீ சுத்தமாகத் துடைத்துவிடும். இரண்டாவது மங்கு கேட்டால் உங்களுக்குச் சந்தோஷம் தாங்காது. கல்யாணமான புதிதில் ஆசையாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர் நீங்கள். அந்தப் பேச்சையெல்லாம் டீயில்தான் கரைத்துக் கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ரத்தம் ஏறவில்லை. அடுத்த முறை மிஸ்ஸி என் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார்.

"உண்மையச் சொல்லுங்க. மாத்திரைய முழுங்குறீங்களா, மத்தவங்க மாதிரி லொங்காங்குல வீசுறீங்களா?"

"சத்தியமா முழுங்குறேன் மிஸ்ஸி. அவரு முன்னால நின்னு பாக்குறாரு."

அவர் நம்பவில்லை. எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து சாயத்தை இன்னும் கெட்டியாக்கினீர்கள்.

சாந்தா பிறந்தபோது ராஜாவாட்டமும் இல்லை, ராணியாட்டமும் இல்லை. உங்கள் உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் அடங்கிப் போனாள். மெர்டேக்கா பிள்ளையைப் பார்க்க வந்த பெண்கள் பேச்சை மாற்றி, மூக்கு உங்களை மாதிரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீங்கள் அசரவில்லை. கடையில் இருந்த டின்பாலையெல்லாம் அவளுக்குக் கரைத்துக் கொடுக்கச் சொன்னீர்கள். ஒரு வயதுக்குள் அவள் கன்னம் உப்பி, கை கால் மடிப்பு விழுந்து, எல்லோரும் தூக்கிக் கொஞ்சுகிற குண்டுப் பாப்பாவானாள். "பாத்தியா எம் மவள" என்று பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் மடியிலெல்லாம் வைத்துக் காட்டினீர்கள்.

அடுத்ததாகக் குமார் வயிற்றில் இருந்தபோதும் அதே சோகை, அதே பச்சை மாத்திரை, அதே டீ. இந்தத் தடவை மிஸ்ஸி விடுவதாக இல்லை. "இப்பவும் ரத்தம் ஏறலன்னா ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருவேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட நானே பேசுறேன்" என்றார்.

சொன்னபடி பேச வந்தார். அது நன்றாக நினைவிருக்கிறது. நான் குழாயடியில் வாளியோடு வரிசையில் நின்றேன். சாந்தா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸி சைக்கிளைக் கடையோரம் சாத்திவிட்டு உங்களிடம் ஏதோ கேட்டார். நீங்கள் டீ ஊற்றிக்கொண்டே சிரித்த முகமாகப் பதில் சொன்னீர்கள். குவளையைக்கூடப் பெருமையாகத் தூக்கிக் காட்டினீர்கள். அவர் கையை விரித்து, கூடாது கூடாது என்பதுபோல ஆட்டினார். பிறகு என்னமோ நீளமாகச் சொன்னார். அவ்வளவு தூரத்துக்கு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் கை மட்டும் ஊற்றுவதை நிறுத்தவில்லை. மங்கு நிறைந்து, தட்டு நிறைந்து, மேசை விளிம்பில் வழிந்து, உங்கள் காலில் கொட்டியது. கொதிக்கிற டீ. நீங்கள் காலை எடுக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சொட்டுச் சிந்தாத மனிதர் இப்படி மாட்டிக்கொண்டாரே என்று. மங்கைச் சரியாகக் கழுவுவதில்லை என்று மிஸ்ஸி திட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நீங்கள் நேரத்தோடு கடையைச் சாத்திவிட்டு, ஒரு பை நிறைய லீமாவோடு வந்தீர்கள். காலில் கொப்புளம். அதற்கு மருந்துகூடப் போட்டிருக்கவில்லை.

"இனிமே மாத்திரைய இதுல போடு."

"டீ?"

"டீ வேணாம்."

"ஏன், கடையில சாயம் தீந்துபோச்சா?"

"சொன்னா கேளு புள்ள."

அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. நானும் நோண்டவில்லை. கேட்டுப் பதில் வராத இடத்தில் மறுபடி கேட்பது என் வழக்கம் இல்லை. அது நல்ல வழக்கமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அடுத்த முறை கிளினிக் போனபோது, இப்போது எலுமிச்சையில் போடுகிறேன் என்றேன். மிஸ்ஸி என் முகத்தை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நல்லது, அப்படியே போடுங்க" என்று மட்டும் சொன்னார். பேசாதீர்கள் என்று நீங்கள் அவரைக் கேட்டுக்கொண்டீர்களா? அதை இனி யாரிடம் கேட்பது.

ரத்தம் ஏறியது. குமார் நன்றாகக் கனத்தோடு பிறந்தான்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் ஒன்று நடந்தது. நடந்தது என்பதைவிட நடக்காமல் போனது என்று சொல்ல வேண்டும். நீங்கள் சாந்தாவுக்கு உங்கள் கையால் டீ கொடுப்பதை நிறுத்திவிட்டீர்கள். குமார் தவழ்ந்து வந்து பெஞ்சைப் பிடித்து நின்றால், ஆற்றி ஆற்றி அவன் வாயில் வைப்பீர்கள். அவள் கையை நீட்டினால், "ஒனக்கு வேணாம்" என்று குவளையை அந்தப் பக்கம் நகர்த்துவீர்கள். பள்ளிக்கூடம் போகிற வயதிலும் அதேதான். காஜா பெராங் முழுவதும் உங்கள் டீயைக் குடித்தது. சாந்தா ஒருத்தி குடிக்கவில்லை.

நீங்கள் அவளுக்கு வேறு என்னென்னவோ செய்தீர்கள். பாசாரில் ஈரல் வாங்கினால் பெரிய துண்டு அவளுக்கு. முட்டை அவளுக்கு. காய்ச்சல் என்றால் கடையைச் சாத்திவிட்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். ஆனால் பிள்ளைகள் கிடைத்ததையா எண்ணுகிறார்கள்? கிடைக்காததைத்தான். பெண் பிள்ளை என்றால் அப்பாவுக்கு இளக்காரம் என்று அவள் சின்ன வயதிலேயே முடிவு கட்டிவிட்டாள். கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேருக்கும் நீங்களே நின்று டீ ஆற்றினீர்கள். கூறைப்புடவையோடு அவள் அடுப்படிக்கு வந்து, "அப்பா, எனக்கு ஒரு மங்கு" என்றாள். நீங்கள் நெருப்பைப் பார்த்துக்கொண்டே, "அம்மாவப் போடச் சொல்லு" என்றீர்கள். அவள் என்னிடம் வந்து அழுதாள். "தம்பி கேட்டிருந்தா போட்டுருப்பாருதானம்மா?" அன்று எனக்கே உங்கள்மேல் வெறுப்பாக இருந்தது.

அவள் பத்து பெரெண்டாம் போய், அங்கே ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டு, வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது நீங்கள் செய்தது இன்னும் வேடிக்கை. வாரா வாரம் பஸ் ஏறிப் போவீர்கள், ஒரு கையில் ஈரல், இன்னொரு கையில் லீமாவ். மருமகனைத் தனியாக அழைத்து, "மாத்திரைக்கு டீ குடுக்காதீங்க. டீயே குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வருவீர்கள். சாந்தா எனக்குச் செய்தி சொல்லி அனுப்பினாள்: "எங்க வீட்டு டீயயும் இவரு நிறுத்துறாரும்மா. டீக்கடக்காரர் மவ டீ குடிக்காம சாவணுமா?" நானும் குமாரும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. பேத்தி பிறந்ததும் ஆணா பெண்ணா என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. "எத்தன ராத்தல்?" என்றீர்கள். சொன்னதும் அங்கேயே ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

சாந்தாவுக்குச் சர்க்கரை வியாதி, இனிப்பு நீர் என்று தெரிந்தபோது நீங்கள் உயிரோடுதான் இருந்தீர்கள். அவளுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. சேதி வந்த அன்று நீங்கள் சாப்பிடவில்லை. வயசானவர், மகளுக்கு என்றதும் மனசு விட்டுப்போச்சு என்று நினைத்தேன். அடுத்த வருஷமே நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போது கிளினிக் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் சாந்தாவுக்குப் பரிசோதனை நாள். நானும் துணைக்குப் போனேன். அவள் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றாள். சத்துணவு பற்றிச் சொல்கிற ஒரு மலாய்க்காரப் பெண், தலையில் துண்டு போட்ட சின்னப் பெண், என்னை உட்காரவைத்து என்னுடைய இரும்பு மாத்திரையைப் பற்றிப் பேசினாள். "தே ஜாங்ஙான், மக்சிக்" என்றாள். அத்தை, டீயோடு மட்டும் வேண்டாம் என்று அர்த்தம். சாயத்தில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. எலுமிச்சை சேரவைக்கும். இவ்வளவுதான் சொன்னாள். பிறகு சாந்தாவின் அட்டையைப் பார்த்துக்கொண்டே, மகள் பிறந்தபோது எடை எப்படி, நீங்கள் சுமந்தபோது ரத்தம் போதுமான அளவு இருந்ததா என்று விசாரித்தாள். சொன்னேன். மாத்திரை எடுத்தீர்களா என்றாள். ஒரு நாள் விடாமல் என்றேன். எதோடு என்றாள்.

எதிர்ச்சுவரில் குழந்தைக்கு ஊசி போடுகிற படம் ஒன்று மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மேசை விளிம்பில் வழிகிற டீயும் எடுக்காத காலும்தான்.

அந்தப் பெண் நல்லவள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். தாய்க்குச் சத்து குறைந்தால் கருவிலேயே பிள்ளையின் உடம்பு சிக்கனமாக இருக்கப் பழகிக்கொள்ளுமாம். சின்னதாகப் பிறந்து, பிறகு வேகமாகக் கொழுத்தால், பிற்காலத்தில் இனிப்பு நீர் வர வாய்ப்புக் கொஞ்சம் கூடுமாம். ஆனால் ஓர் ஆளைக் காட்டி, இவளுக்கு இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது, குடும்பத்தில் இருந்தாலும் வரும், சாப்பாட்டாலும் வரும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். குமார் கனமாகப் பிறந்து நோயில்லாமல் இருக்கிறானே என்றேன். இரண்டு பிள்ளைகளை வைத்து ஒன்றும் முடிவு செய்யக்கூடாது மக்சிக் என்றாள். இந்தப் பெண்ணைப் போல யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். மிஸ்ஸிக்கு அன்று இவ்வளவும் தெரிந்திருக்காது. பிள்ளை சின்னதாய்ப் பிறந்ததற்கு டீதான் காரணம் என்று ஒரு வேகத்தில் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்திருப்பார். அதை நீங்கள் சாகும்வரை வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். மாத்திரை போனது என் வாயில். பிள்ளை இருந்தது என் வயிற்றில். சோறு வேண்டாம் என்று ஒதுக்கியது நான். இதில் எப்படி எல்லாம் உங்களுடையது என்று நீங்கள் முடிவு செய்தீர்கள்? கடையிலும் அப்படித்தான், ஒரு மங்கைக் கழுவக்கூட என்னை விடமாட்டீர்கள். நீங்கள் ஊற்றியது டீ. விஷம் இல்லை. இதை ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருந்தால், இதே வார்த்தையை நான் உங்களுக்குச் சொல்லியிருப்பேன். அந்தக் குழந்தை அப்பாவின் கையால் ஒரு மங்கு டீயாவது குடித்திருக்கும்.

கோபம் தணிந்ததும் பயம் வந்தது. சாந்தாவிடம் சொல்வதா, விடுவதா? சொன்னால், அப்பாவுக்கு அவள்மேல் இளக்காரம் இல்லை என்று தெரிந்துவிடும். கூடவே, தினமும் விரலைக் குத்திப் பார்க்கிற அந்த நோய்க்கு ஒரு முனை அப்பாவின் கையில் இருந்திருக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். ஒரு வருத்தத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதா என்று யோசித்துக்கொண்டே நாளைக் கடத்தினேன். நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அந்த நாட்களில்தான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

நேற்று உங்கள் திதி. முந்தின நாளே சாந்தா படையலுக்கு உதவ வந்துவிட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டே, "படையலுக்கு டீய மட்டும் தம்பி வந்து போடட்டும்மா. அவன் கையால போட்டாதான் அப்பா குடிப்பாரு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நீங்கள் போனதிலிருந்து வருஷா வருஷம் இதையே சொல்கிறாள். இந்த வருஷம் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். பச்சை மாத்திரை, முதல் சாயம், மிஸ்ஸி, வழிந்த டீ, லீமாவ் எல்லாவற்றையும்.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்ப என் இனிப்பு நீர் அதனாலதானா?"

"அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லல. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னா. ஒங்க பெரியப்பாவுக்கும் இருந்துச்சு. நீ நைட் ஷிஃப்ட்டுல தின்ன ரொட்டி சானாய் கணக்கும் இருக்குல்ல."

அவள் அதற்குச் சிரிக்கவில்லை. சீவிய தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அப்ப அவரு எனக்கு டீ போட பயந்தாராம்மா?"

"பயந்தாரு."

"கல்யாணத்தன்னிக்குமா?"

"அன்னிக்கும்தான்."

"கோபக்காரரு, கருமின்னு நெனச்சேன். பயந்தாங்கொள்ளிலா அவரு" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாழைக்காயை எடுத்து மறுபடி சீவத் தொடங்கினாள்.

நேற்றுக் காலை குமார் வந்து சட்டையைக் கழற்றிவிட்டு டீ போட அடுப்படிக்குள் போனான். சாந்தா அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். உங்கள் தகரக் குவளை, உங்கள் துணிப்பை. இத்தனை வருஷம் தள்ளி நின்று பார்த்ததாலோ என்னவோ, உங்கள் கை போன மாதிரியே அவள் கையும் போனது. சாயம் இறங்கியதும் மங்கில் ஊற்றினாள். பாலும் விடவில்லை, சீனியும் போடவில்லை.

"அக்கா, அப்பாவுக்குச் சீனி இல்லாத டீயா? எழுந்து வந்துருவாரு."

"வரட்டும். வந்து கேக்கட்டும்."

இட்லி, வடை, மீன் குழம்பு, நீங்கள் பிடிக்கிற சுருட்டு, எல்லாவற்றோடும் அந்தக் கறுத்த டீயை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தோம். குமார் கற்பூரம் காட்டினான். விழுந்து கும்பிட்டுவிட்டுச் சற்று நேரம் வெளியே உட்கார்ந்திருந்தோம், நீங்கள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று. பிறகு உள்ளே போனோம். படைத்ததை எடுத்து எல்லோருக்கும் பங்கு வைப்பதுதானே முறை. உங்கள் இலையில் இருந்து வருவது நீங்கள் கொடுத்ததாகத்தானே கணக்கு. ஆளுக்கொரு வடையை எடுத்தோம். சாந்தா வேறு எதையும் தொடவில்லை. டீ மங்கை இரண்டு கையாலும் எடுத்தாள். அவள் ஏன் சீனி போடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் குடிக்கக்கூடிய டீயாக அது இருக்க வேண்டியிருந்தது.

ஆறிப்போயிருந்தது. நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தாள். குடித்துவிட்டு மங்கைக் கவிழ்த்துப் பார்த்தாள். கறை நின்றது.

"நல்லாதாம்மா போட்டுருக்காரு" என்றாள்.

நான் மாத்திரை போட்டு நெடுநேரம் ஆகிவிட்டதால், குவளையில் மீதி இருந்ததை எனக்கும் அரை மங்கு ஊற்றிக் கொடுத்தாள்.